ஒரு முழம் பூவும் ரெண்டு நாள் மதுரையும்

மாதக் கடைசி வந்துவிட்டால் வீட்டுச் செலவில் முதல் வெட்டு எதன் தலையில் விழும், சொல்லுங்கள் பார்க்கலாம்! பாலை நிறுத்த முடியாது. பள்ளிக்கூடப் பீஸைத் தள்ளிப்போட முடியாது. அவர் ஆபீஸ் போக வண்டிக்குப் பெட்ரோல் போட்டாக வேண்டும். மிஞ்சுவது பூக்காரம்மாதான். "இன்னிக்கு வேணாம்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். அந்த 'நாளைக்கு' சம்பளத் தேதி வரை நீண்டுவிடும்.

சின்ன விஷயம்தான். ஆனாலும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு ஆகிற செலவெல்லாம் தேவை. அம்மாவின் சந்தோஷத்துக்கு ஆகிற செலவு மட்டும் 'தண்டம்'! அப்படிக் கணக்கு எழுதுகிறவர் மாமியாரோ கணவரோ அல்ல, பெரும்பாலும் நாமேதான். "எனக்கென்ன, வீட்டுக்குள்ளதானே இருக்கேன்!" என்ற ஒரு வார்த்தையில் பூ, நல்ல புடவை, வெளியூர்ப் பிரயாணம் எல்லாவற்றையும் அடித்துவிடுகிறோம்.

அழகு என்பது கண்காட்சியிலும் நகைக்கடையிலும் இருக்கிற சமாசாரம் என்று நினைப்பதால் வருகிற வினை இது. நாம் உடுத்துகிற பருத்திப் புடவையில், வாசலில் போடுகிற கோலத்தில், சாயங்காலம் குடிக்கிற ஒரு டம்ளர் பாலில் இருக்கிற அழகு பெரிய செலவு கேட்பதில்லை. நின்று பார்க்கக் கொஞ்ச நேரம் கேட்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தை ஒரு சனி, ஞாயிறு எடுத்துக்கொண்டு கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்து மதுரையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. "மதுரைதானே! மீனாட்சியைத் தரிசனம் பண்ணிட்டு அன்னிக்கே திரும்பிடுவோமே" என்பீர்கள். அப்படி ஓடி ஓடிப் போய் வருவதால்தான் மதுரையை நாம் பார்க்கவே இல்லை என்கிறேன்.

மொட்டாக வாங்குங்கள்!

முதல் வேலை, விடிகாலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட். குழந்தைகள் தூங்கட்டும், அப்பா பார்த்துக்கொள்வார். நீங்கள் மட்டும் ஒரு துணிப்பையோடு கிளம்புங்கள். உள்ளே நுழையும் முன்பே மணம் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும். சாக்குச் சாக்காக மல்லிகை, கூடை கூடையாகச் செவ்வந்தி, சம்பங்கி, அரளி, கட்டுக் கட்டாக மரிக்கொழுந்து. பிச்சியும் முல்லையும் கனகாம்பரமும் ஒரு பக்கம். வாயைத் திறந்தால் விலை, கையைத் தூக்கினால் தராசு!

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையில் மட்டும் விளைவதல்ல இது. திண்டுக்கல் பக்கத்து நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தோட்டங்கள். இதழ் தடிமனாக இருக்கும். காம்பும் நீளம். அதனால்தான் கட்டுவதற்கு வாகாக இருக்கிறது, சீக்கிரம் வாடுவதும் இல்லை. பறிப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள்தான், பொழுது விடியுமுன்பே தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். அன்று சாயங்காலம் மலரப்போகிற மொட்டு எது, நாளைக்குப் பறிக்க வேண்டியது எது என்பதை அரை இருட்டில் விரல் நுனியிலேயே கண்டுபிடிக்கிற கைகள் அவை. ஒரு நாள் தாமதித்தால் பூ செடியிலேயே விரிந்துவிடும். பிறகு விலை போகாது.

ஆகவே வாங்கும்போது மொட்டைப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வெளுத்து, பருத்து, வாய் மூடியிருந்தால் அது அன்றைய பறிப்பு. நுனி பழுப்பு ஏறியிருந்தால் முந்தின நாளுடையது. பச்சை ஓடிய மொட்டு மலரவே மலராது. பங்குனி, சித்திரையில் வரத்து அதிகம், விலை சல்லிசு. மார்கழி, தையில் பனியால் வரத்து சுருங்கி, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். இதே பூதான், இதே செடிதான்! ஆகவே பூவுக்காகப் போகிறவர்கள் மாசிக்கு மேல் போவது புத்திசாலித்தனம். முகூர்த்த நாளாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிற பெண்களின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். நனைத்த வாழைநாரை விரலில் சுற்றி, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு என்று காம்புகளைச் சேர்த்து ஒரு சுண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முழம் நீண்டுவிடும். கண் பூவில் இருக்காது. பேச்செல்லாம் பக்கத்து ஆளோடு! "என்னத்தா, கட்டத் தெரியுமா?" என்று கேட்டால் வெட்கப்படாமல் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உதிரியாக வாங்கி நாமே கட்டினால் செலவு குறையும் என்பது ஒரு பக்கம். கட்டுகிறவரின் கூலி என்னவென்று தெரிந்துகொண்டால் வாசலில் வருகிற பூக்காரம்மாவிடம் ரெண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்ட மாட்டோம் என்பது இன்னொரு பக்கம்.

பூவைப் பாதுகாக்க ஒரு வழி. தண்ணீர் தெளிக்காதீர்கள்! ஈரம் நேரே பட்டால் மொட்டு கறுக்கும். வாழையிலையில் சுற்றி, அதன்மேல் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைப் போர்த்தி, மூடிய டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். ரெண்டு நாள் தாராளமாக வரும். துண்டில் சுற்றிய பூவை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வரை கொண்டுபோகலாம், சூட்கேஸுக்குள் திணிக்காமல் இருந்தால் சரி.

பிள்ளை பெற்ற இளம் தாய்மார்களுக்கு வருகிற சந்தேகம் ஒன்று: "மல்லிப்பூ வெச்சா பால் வத்திடுமாமே?" இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது. பால் கட்டிக்கொண்டால் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது பழைய பாட்டி வைத்தியம். வேலூர் மருத்துவர்கள் அதையே சோதித்துப் பார்த்து, பால் சுரப்பு குறைகிறது என்று 1988-ல் ஆய்வாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது மார்பில் ஒட்டிக் கட்டிய பூவைப் பற்றியது. தலையில் சூடுகிற ஒரு முழத்தைப் பற்றியது அல்ல. மார்பில் படாமல் பின்னலில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அந்த மணம் ஒத்துக்கொள்ளாமல் தும்மினால் மட்டும் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள்.

பூவைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. வீட்டில் கணவரை இழந்த அத்தையோ அம்மாவோ இருப்பார். நாம் பூவைப் பிரித்து எல்லாருக்கும் கிள்ளிக் கொடுக்கும்போது அவர் மெல்ல எழுந்து உள்ளே போய்விடுவார், ஏதோ அடுப்பில் வேலை இருக்கிற மாதிரி. அம்பது வருஷம் பூ வைத்துப் பழகின தலை அது! வைத்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் அவர் இஷ்டம். ஆனால் கேட்கக்கூடச் செய்யாமல் அவரைத் தாண்டிப் போகிறோமே, அது எந்த ஊர் நியாயம்? "அத்தை, உங்களுக்கும் சேத்துத்தான் வாங்கினேன்" என்று ஒருதரம் நீட்டிப் பாருங்கள். தலையில் வைக்கக் கூசினால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு உதிரியாகப் போட்டு அவர் கட்டில் பக்கத்தில் வையுங்கள். கிண்ணத்தில் போடுகிற பூவுக்கு நனையலாமா என்று கேட்காதீர்கள், ஒரு ராத்திரிக்குத்தானே!

வாய்க்கு ருசியாய்...

பசி எடுத்திருக்கும். மதுரை இட்லிக்கு சட்னி வகைகளை எண்ணி முடிப்பதற்குள் இட்லி தீர்ந்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கறிதோசையும் கொத்து பரோட்டாவும் இருக்கவே இருக்கின்றன. ஜிகர்தண்டாவைக் குழந்தைகள் கேட்காமல் விட மாட்டார்கள். பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சின பால், ஐஸ்கிரீம்... நாலு பேருக்கு ரெண்டு போதும், தித்திப்பு அப்படி!

நான் தேடிப் போகச் சொல்வது இவற்றையல்ல. சாயங்காலம் தள்ளுவண்டியில் பெரிய பித்தளைப் பாத்திரத்தில் கொதிக்கிற பருத்திப் பாலைத்தான். பால் என்று பெயர், மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பால். சுக்கு காரமும் கருப்பட்டி வாசனையும் சேர்ந்து தொண்டையில் இறங்கும்போது நாள் முழுக்க நடந்த கால்வலி மறந்துபோகும்.

வீட்டிலும் செய்யலாம். 100 கிராம் பருத்திக்கொட்டையைப் பல தடவை கழுவி ராத்திரி ஊறவையுங்கள். காலையில் மீண்டும் அலசி, மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். தேங்காய்ப் பால் எடுப்பதைப் போலவே ரெண்டு, மூன்று பால் எடுக்கலாம். இந்தப் பாலை முதலில் பச்சை வாசனை போக நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது, பச்சைப் பருத்திப்பால் வயிற்றுக்கு ஆகாது. பிறகு ரெண்டு ஸ்பூன் பச்சரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து விட்டுக் கிளறினால் கெட்டிப்படும். கரைத்து வடிகட்டின கருப்பட்டி, சுக்குப் பொடி, ஏலக்காய், இறக்கும்போது தேங்காய்த் துருவல். முக்கியமாக ஒன்று: கொட்டையை நாட்டு மருந்துக் கடையில் சாப்பாட்டுக்கென்று கேட்டு வாங்குங்கள். விதைப்புக்கு விற்கிற கொட்டையில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள், அது விஷம்.

முடிச்சுக்குள் ஒரு நட்சத்திரம்

இப்போது புடவை! சுங்குடி என்றால் மதுரை, மதுரை என்றால் சுங்குடி. நாயக்கர் காலத்தில் இங்கே குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை இது. 2005-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடைக்கு இதைப் போல இதமான புடவை வேறு இல்லை என்று உடுத்தினவர்களுக்குத் தெரியும். மேலே சரிகைக்கரை இருந்தால் கல்யாணத்துக்கே போகலாம்.

ஆனால் கடையில் 'சுங்குடி' என்று எடுத்துப் போடுகிற பத்துப் புடவையில் எத்தனை சுங்குடி? அச்சுப் போட்டது, ஸ்கிரீன் பிரிண்ட், மெழுகு பூசிச் சாயம் ஏற்றியது எல்லாமே இப்போது அந்தப் பெயரில்தான் விற்கின்றன. அவையும் கட்டிக்கொள்ள அழகுதான், நான் குறை சொல்ல வரவில்லை. அசல் சுங்குடி என்பது வேறு. வெள்ளைத் துணியில் நகத்து நுனியால் ஒரு சிட்டிகை கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கோலப் புள்ளி வைப்பதைப் போல வரிசை தப்பாமல் ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு! துணியே சுருங்கி மூட்டையாகிவிடும். அதைச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, முடிச்சுகளை அவிழ்த்துவிட்டால், நூல் இறுக்கின இடத்திலெல்லாம் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி. ராத்திரி வானம் மாதிரி இருக்கும். முடிச்சுப் போடுகிறவர்கள் அநேகமாக வீட்டுப் பெண்கள். அடுப்பில் சோறு கொதிக்கும்போது, பிள்ளை தூங்கும்போது, மடியில் துணியை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. நம்மைப் போன்றவர்கள்தான்!

கண்டுபிடிப்பது சுலபம். புள்ளிகளை உற்றுப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில், காம்பஸ் வைத்து வரைந்த வட்டமாக இருந்தால் அது அச்சு. கையால் கட்டினது ஒன்று கொஞ்சம் கோணலாக, ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும். பல புள்ளிகளின் நடுவில் புடவை நிறத்திலேயே ஒரு சின்னப் பொட்டு தெரியும். உள்ளங்கையால் தடவினால் துணி லேசாகப் புடைத்துச் சுருங்கியிருக்கும். புடவையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கமும் புள்ளிகள் அதே தெளிவோடு இருந்தால் கட்டுச் சாயம். மங்கலாக இருந்தால் பிரிண்ட்.

விலை? அச்சுப் புடவையைப் போல சில மடங்கு இருக்கும். "இந்தப் பருத்திப் புடவைக்கு இவ்வளவா?" என்று தோன்றும். தோன்றட்டும். முடிச்சுகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். கட்டுபடியாகாவிட்டால் அச்சுப் புடவையே வாங்கலாம், ஆனால் அச்சு என்று தெரிந்து, அச்சு விலைக்கு வாங்குங்கள். அச்சை அசல் விலைக்கு விற்கிறபோதுதான் முடிச்சுப் போடுகிறவளின் கை ஓய்ந்துபோகிறது. அம்மாவின் முடிச்சைப் பெண் கற்றுக்கொள்ளாமல் நிறுத்திவிடுகிறாள். வாங்குகிற நாம் ரெண்டு கேள்வி கேட்டாலே கடைக்காரர் பிரித்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார்.

துவைக்கும்போது முதல் ரெண்டு, மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஊறவைக்காதீர்கள். அடர் சிவப்பும் நீலமும் சாயம் விடத்தான் செய்யும்.

தலை நிமிர்ந்து பாருங்கள்

கோயிலுக்குப் போகாமல் மதுரையா? சாயங்காலம் நாலு மணிக்குமேல் நடை திறந்ததும் போங்கள். 2018-லிருந்து மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதியில்லை. எனக்கு அது ரொம்ப நல்லதாகப் படுகிறது! ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தரிசனம் முடிந்து திரும்பும்போது மண்டபங்களின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். வட்ட வட்டமாகத் தாமரைகள், இதழுக்குள் இதழாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு நிறத்தில். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து அதில் ஒன்றை, உங்களுக்குப் பிடித்த ஒன்றே ஒன்றை, நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். எட்டு இதழ், அதற்கு வெளியே பதினாறு. வாசல் கோலத்துக்கு ஆச்சு, தலையணை உறை எம்பிராய்டரிக்கும் ஆச்சு. பத்து வயசுப் பெண்ணோ பையனோ கூட இருந்தால் அவர்கள் கையில் பென்சிலைக் கொடுங்கள், நம்மைவிட நன்றாக வரைவார்கள்.

திருமலை நாயக்கர் மகால் 1636-ல் கட்டியது. தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டு வழி. வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் அழகர்கோவில். மலையடிவாரம், மரநிழல், குரங்குகள் (கையில் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!). அங்கே பிரசாதமாகத் தருகிற தோசையை அவசியம் வாங்குங்கள். அரிசியும் தோல் நீக்காத உளுந்தும் மிளகும் சுக்கும் சேர்த்து நெய்யில் வார்த்தது. தடியாக இருக்கும், ஒன்றைப் பிட்டு நாலு பேர் சாப்பிடலாம். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் மட்டும் கைக்குழந்தையோடு போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

இல்லாவிட்டால் தென்கிழக்கே ஒரு டஜன் கிலோமீட்டரில் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள். "மண்பானையைப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்று முணுமுணுக்கிறவர்கள் கூட உள்ளே போனதும் வாயடைத்துப் போவார்கள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தந்தச் சீப்பு, சங்கு வளையல், சிவப்பு மணிகள், நூல் நூற்கிற தக்களி, விளையாடின தாயக்கட்டை! யாரோ ஒருத்தி அந்தச் சீப்பால் தலை வாரி, அந்த மணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தக்களியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் வீட்டு வேலை இருந்திருக்கும்தானே!

"வீட்டை யார் பாத்துக்கறது?"

பிரயாணம் கிளம்பும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அதற்கு முன்னாலேயே ஒரு முடிவு செய்துகொள்ளுங்கள். விடிய மூன்று மணிக்கு எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கிளறி, வற்றலும் பொரித்து, எட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிற பிரயாணத்துக்குப் பெயர் ஓய்வு அல்ல, அடுக்களை ஊர்வலம்! கைக்குழந்தைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் போகிற இடத்தில் சாப்பிடட்டும். மதுரையில் சாப்பாட்டுக்கா பஞ்சம்? குழந்தைகளின் துணிமணியை எடுத்துவைப்பது அப்பாவின் பொறுப்பு என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள். ரெண்டு பனியனும் ஒரு சீப்பும் மறந்துதான் போவார். போகட்டுமே, சீப்பு மதுரையிலும் விற்கிறது.

பணத்துக்கு ஒரு உபாயம் சொல்கிறேன். பூக்காரம்மாவுக்குக் கொடுக்கிற காசைத் தொடாதீர்கள். அதோடு வாரம் ஒரு சின்னத் தொகையைத் தனி டப்பாவில் போட்டு, 'மதுரை' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். டப்பா மேலே பெயர் இருந்தால் யாரும் சில்லறைக்குக் கை வைக்க மாட்டார்கள், நீங்களும் உட்பட!

திரும்பும்போது நர்சரியில் ஒரு மல்லிகைக் கன்று வாங்கி வாருங்கள். ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் பதியம் போட்ட கன்றுகளுக்கு நல்ல பெயர். வெயில் நன்றாகப் படுகிற மாடியில் பெரிய தொட்டியாக வையுங்கள். செம்மண், மணல், மக்கின எரு சம பங்கு. தொட்டிக்கடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கார்த்திகை, மார்கழியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை உருவி, கொஞ்ச நாள் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். "ஐயோ, செடியைக் கொன்னுட்டியே!" என்று வீட்டில் கத்துவார்கள். மாசி பிறந்ததும் புதுத் துளிர் விடும், அதன் நுனியில்தான் மொட்டு. முதல் வருஷம் ஒரு முழம் சேருமளவுக்குப் பூக்காது. ஏழெட்டுப் பூவை ஒரு நூலில் கோத்து வைத்துக்கொள்ளலாம்.